நாலு கடனை ஒரே கடனாக்கினால் சுமை குறையுமா?

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பழமலைநாதர் கோயிலும் ரயில் ஜங்ஷனும்தான் நினைவுக்கு வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அதோடு பீங்கானும் சேர்ந்துகொள்ளும். செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசுப் பயிலகம் இங்கே இருக்கிறது. பக்கத்திலேயே நெய்வேலி, அதனால் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. பழைய வீடுகளின் மின்பெட்டியில் வெள்ளையாக இருக்குமே ஃபியூஸ் கட்டை, அது தொடங்கி அகல் விளக்கு, பொம்மை, கோப்பை வரை இங்கே உருவாகின்றன. அச்சில் ஊற்றி எடுப்பது, பிசிறு தட்டுவது, மெருகு பூசுவது என்று பல கைகள் மாறித்தான் ஒரு பொருள் சூளைக்குப் போகிறது. அதில் பல கைகள் பெண்களுடையவை.

இந்தத் தொழிலின் வருமானம் மாதத்தின் 30 நாளும் ஒரே மாதிரி வராது. அச்சிலிருந்து எடுத்த பொருள் நன்றாகக் காய்ந்தால்தான் சூளையில் ஏற்ற முடியும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய்வது தள்ளிப்போகும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு அந்த வாரம் கை காலி. ஆனால், குழு லோன் தவணைக்கு மழை விடுமுறை கிடையாது. இந்த இடைவெளியில்தான் தண்டல்காரர் வருகிறார், அவருக்குப் பின்னால் அஞ்சு வட்டிக்காரர். ஒன்றை அடைக்க இன்னொன்று என்று வாங்கி, வருடக் கடைசியில் ஒரே வீட்டில் நாலு கடன் நிற்கும்.

அப்படி நிற்கும்போது காதில் விழும் யோசனைதான் ‘எல்லாத்தையும் ஒரே கடனா மாத்திடு’ என்பது. பெரிய கடன் ஒன்றை வாங்கி சில்லறைக் கடன்களை அடைத்துவிட்டு, மாதம் ஒரே தவணை கட்டுவது. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது. கணக்கு என்ன சொல்கிறது?

86,000 ரூபாய் கடன், மாதம் 9,035 ரூபாய்

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. ஆனால், கடன்களின் வகை பல வீடுகளில் இருப்பதுதான்.

முதல் குழு லோனில் 30,000 ரூபாய் பாக்கி. ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டி, இன்னும் 13 தவணை, மாதம் 2,644 ரூபாய். இன்னொரு நிறுவனத்தின் குழு லோனில் அதே வட்டிக்கு 20,000 ரூபாய் பாக்கி, 12 தவணை, மாதம் 1,891 ரூபாய். தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்தார்கள். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். அதில் 60 நாள் பாக்கி, அதாவது 6,000 ரூபாய். கடைசியாக, தெரிந்தவரிடம் நூற்றுக்கு 5 ரூபாய் மாத வட்டிக்கு வாங்கிய 30,000 ரூபாய். இதற்கு மாதம் 1,500 ரூபாய் வட்டி மட்டும் போகிறது, அசல் அப்படியே இருக்கிறது.

மொத்தக் கடன் 86,000. மாதம் வெளியே போவது 9,035 ரூபாய்.

இந்த 86,000-ஐயும் வங்கியில் 12 சதவீத வட்டிக்கு மூன்று வருடக் கடனாக மாற்ற முடிந்தால், மாதத் தவணை 2,856 ரூபாய்தான். 9,035 எங்கே, 2,856 எங்கே! கடனை ஒன்றாக்கித் தருகிறோம் என்று வருபவர்கள் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான். இதற்கு அடுத்த வரியைக் காட்டுவதில்லை.

முதல் குழு லோனை மட்டும் தனியே பாருங்கள். இப்போது கட்டுகிறபடியே 13 மாதம் கட்டி முடித்தால், இனிமேல் போகப்போகும் வட்டி சுமார் 4,370 ரூபாய். அதே 30,000-ஐ 12 சதவீதத்துக்கு மூன்று வருடக் கடனாக மாற்றினால் வட்டி சுமார் 5,870 ரூபாய். வட்டி விகிதம் பாதியாகிவிட்டது, கட்டும் வட்டியோ 1,500 ரூபாய் கூடிவிட்டது. காரணம், காலம் நீண்டதுதான். அதே கடனை 18 மாதத்தில் முடிப்பதாக வாங்கினால் வட்டி சுமார் 2,930 ரூபாய் ஆகும். அப்போதுதான் மாற்றியதில் லாபம்.

தண்டல் கதை வேறு. நாள் கணக்கில் பார்த்தால் அதன் வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம். ஆனால், அந்த வட்டியை முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு 6,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்தாலும், 60 நாள் நூறு நூறாகக் கொடுத்தாலும் போவது அதே 6,000. தண்டல்காரர் தள்ளுபடி தருவதாக இருந்தால் தவிர, வட்டிக்குக் கடன் வாங்கி அதை அடைப்பதில் பயன் எதுவும் இல்லை.

மிச்சமிருப்பது அஞ்சு வட்டி. உண்மையில் வீட்டைத் தின்பது இதுதான். மாதம் 1,500 வீதம் இரண்டு வருடம் கொடுத்தால் 36,000 ரூபாய் போயிருக்கும், 30,000 கடன் அப்படியே நிற்கும். அதே 30,000-ஐ வங்கியில் 12 சதவீதத்துக்கு இரண்டு வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 1,412 ரூபாய். வட்டிக்காரருக்கு வெறும் வட்டியாகக் கொடுப்பதைவிட 88 ரூபாய் குறைவு. 24-வது மாதம் கடனே இருக்காது.

ஆக, இந்த வீட்டுக்கு நாலு கடனையும் ஒன்றாக்கும் தேவை இல்லை. அஞ்சு வட்டியை மட்டும் வங்கிக்கு மாற்றினால் போதும். தண்டல் இரண்டு மாதத்தில் தானே முடியும். அப்போது மிச்சமாகும் 3,000 ரூபாயை இரண்டாவது குழு லோனில் கூடுதலாகக் கட்டினால் அது ஆறாவது மாதமே முடிந்துவிடும். அந்தப் பணத்தையும் முதல் குழு லோன் பக்கம் திருப்பினால் ஒன்பதாவது மாதத்தில் அதுவும் முடியும். சிறு கடன்களை நேரத்துக்கு முன்பே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த நுண்கடன் விதி. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் அடமானம் இல்லாமல் வாங்கும் கடனுக்கு இது பொருந்தும்.

மாதம் 9,000 ரூபாய் எப்படியோ புரட்டிவிட முடிகிற வீட்டுக்குத்தான் இந்த வழி. அரிசிக்கே பணம் இல்லாமல் தவணை கட்டும் வீடாக இருந்தால், வட்டி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று மூன்று வருடக் கடனுக்குப் போவதில் தவறில்லை. மூச்சு விடுவதற்கும் ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வங்கி இதற்குக் கடன் தருமா?

‘கந்துவட்டியை அடைக்கக் கடன் கொடுங்கள் என்று வங்கியில் போய் எப்படிக் கேட்பது’ என்ற கூச்சம் நிறைய பேருக்கு இருக்கிறது. கூச்சப்பட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது.

வங்கிகள் கட்டாயம் ஒரு பங்கு கடனை முன்னுரிமைத் துறைக்குக் கொடுக்க வேண்டும். விவசாயம், சிறு தொழில் போன்றவை அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்கும் தெரியும். தனியார் வட்டிக்காரரிடம் சிக்கியவர்கள் அதிலிருந்து மீள வங்கி தரும் கடனும் அதே பட்டியலில் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. 2020-ல் வந்த முன்னுரிமைத் துறை வழிகாட்டுதல்படி, விவசாயி அல்லாத ஒருவருக்கு இந்த வகையில் 1 லட்சம் ரூபாய் வரை கொடுத்தால் வங்கி அதை முன்னுரிமைக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். விவசாயிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கேட்டவுடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முடிவு மேலாளர் கையில்தான். ஆனால், ‘இப்படிக் கடனே கிடையாது’ என்று யாராவது சொன்னால் அது சரியில்லை.

இதைவிட எளிதான கதவு மகளிர் சுய உதவிக் குழு. வங்கியோடு குழுக்களை இணைக்கும் திட்டத்தை நபார்டு 1992-ல் 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கியது. இப்போது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது. அந்தக் கடனை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை சொல்லும் இடத்தில், வீட்டைப் பழுதுபார்ப்பது, கழிப்பறை கட்டுவது ஆகியவற்றோடு அதிக வட்டிக் கடனை மாற்றுவதும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2022-ல் வெளியான திட்ட விவரப்படி, 3 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு வட்டி 7 சதவீதம். 60 சதவீத வட்டியிலிருந்து 7 சதவீதத்துக்கு வருவது என்றால் சும்மாவா!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நிறுவனத்தின் ஆள் வந்து பத்து பேரை உட்காரவைத்து, ஆதார் வாங்கி, வாரா வாரம் சென்டர் போட்டுத் தவணை வாங்குவதும் ‘குழு’தான். சேமிப்பு சேர்த்து, நோட்டு எழுதி, தீர்மானம் போட்டு நடத்துவதும் ‘குழு’தான். பெயர் ஒன்று, சங்கதி வேறு. 7 சதவீதம் என்பது இரண்டாவது வகைக்கு. கூட்டம் ஒழுங்காக நடப்பது, சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு நோட்டு ஆகிய ஐந்தும் சரியாக இருக்கும் குழுவுக்கு வங்கி தயங்காது. நோட்டு எழுதாத குழு என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள், தங்கள் குழு எந்தத் திட்டத்தில் வருகிறது என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கேரளாவில் இந்த யோசனையையே தனித் திட்டமாக்கினார்கள். 2018-ல் பாலக்காடு மாவட்டத்தில் தொடங்கிய ‘முற்றத்தெ முல்ல’ திட்டத்தில், கூட்டுறவுச் சங்கத்தின் பணத்தை குடும்பஸ்ரீ பெண்களே வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, தொடக்கத்தில் 25,000 ரூபாய் வரை கடன், வாரத் தவணை. வட்டிக்காரரின் பலமே வாசலுக்கு வருவதும் உடனே கொடுப்பதும்தான். அந்த இரண்டையும் அவரிடமிருந்து பறித்ததுதான் இந்தத் திட்டத்தின் சாமர்த்தியம். தமிழ்நாட்டிலும் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைவில்லை, யாராவது முயன்று பார்க்கலாம்.

வீட்டில் நகை இருந்தால் கதை இன்னும் சுருக்கம். பீரோவில் தோடு இருக்க, அஞ்சு வட்டி கட்டிக்கொண்டிருப்பதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த கௌரவம். வங்கியில் அடகு வைத்து அந்தக் கடனை அடைத்துவிட்டு, மாதா மாதம் 1,500 ரூபாயை நகைக் கணக்கில் கட்டிவந்தால் நகை திரும்பிவிடும். வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கத்துக்குப் போய்விட்டால் மறுபடி அதே கிணறு.

‘பாதி கட்டினால் போதும்’ என்பவர்கள்

கடனை ஒன்றாக்குவது வேறு, கடனை ‘செட்டில்’ செய்து தருவது வேறு. அலைபேசி விளம்பரங்களில் வருபவர்களில் பலர் இரண்டாவது ரகம். அவர்கள் கடன் எதுவும் தருவதில்லை. தவணையை நிறுத்தச் சொல்வார்கள். மாதம் ஒரு தொகையைத் தனியாகச் சேர்க்கச் சொல்வார்கள். கடன் நன்றாக நிலுவையில் விழுந்த பிறகு, கடன் கொடுத்தவரிடம் பேசிக் குறைத்து முடித்துத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குவார்கள்.

பேசி முடிப்பது சட்டவிரோதம் இல்லை. சமரசத் தீர்வுக்கென்றே ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. ஆனால், அதற்கு இடைத்தரகர் அவசியம் இல்லை. கடன் வாங்கியவரே கிளைக்குப் போய் எழுத்தில் கேட்கலாம். மேலும், அப்படி முடிந்த கடன் உங்கள் கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். முழுதாகக் கட்டி முடித்த ‘குளோஸ்டு’ என்பது வேறு. நாளைக்கு மகள் படிப்புக்குக் கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் குறுக்கே வரும்.

குழு லோனில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தரகர் பேச்சைக் கேட்டு ஒருவர் தவணையை நிறுத்தினால், சென்டரில் கூட உட்காரும் மற்ற பெண்கள்மீது நெருக்கடி விழும். அடுத்த வீட்டுக்காரியும் அச்சுப் பட்டறையில் பக்கத்தில் நிற்பவளும்தான் அவர்கள். தரகருக்கு அவர்கள் யாரென்று தெரியாது.

இதில் மோசமான ரகம், ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ தருகிறோம் என்று சேவைக் கட்டணம் வசூலிப்பவர்கள். அப்படிச் சான்றிதழ் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. அமெரிக்காவில் தொலைபேசியில் ஆள் பிடிக்கும் கடன் தீர்வு நிறுவனங்கள், ஒரு கடனையாவது தீர்த்துத் தருவதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010-லேயே விதி வந்துவிட்டது. இங்கே அந்த விதி இல்லை என்றாலும், அதே அளவுகோலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வேலை முடியும் முன் பணம் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆலோசனைதான் வேண்டும் என்றால் அது இலவசமாகவே கிடைக்கிறது. மாவட்டத்தின் முன்னோடி வங்கிகள் நிதிக் கல்வி மையங்களை நடத்துகின்றன. கடலூர் மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

புதிய கடன் வாங்கும்போது ‘பன்னிரண்டு பர்சென்ட்தான்’ என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். நிலை வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று கேளுங்கள். 30,000 ரூபாய்க்கு இரண்டு வருடம் 12 சதவீதம் நிலை வட்டி என்றால் 7,200 ரூபாய். குறையும் அசலில் அது 3,893 ரூபாய்தான். நிலை வட்டியில் ‘பன்னிரண்டு’ என்று சொல்வது உண்மையில் ஏறக்குறைய 21.6 சதவீதம். இந்தக் கண்கட்டு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான், கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டு வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளை சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் தர வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கினார்கள். அந்தத் தாளை வாங்கி, அந்த ஒரு எண்ணைத் தேடிப் படியுங்கள்.

வட்டிக்காரரிடம் கணக்கு முடிக்கும்போது பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கு வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ கொடுப்பது நல்லது. கொடுக்கும் அன்றே புரோநோட்டையும் எழுதாத காசோலையையும் திரும்ப வாங்கிவிட வேண்டும். ‘நாளைக்கு எடுத்து வைக்கிறேன்’ என்றால், பணத்தையும் நாளைக்கே கொடுக்கலாம். அசல் தீர்ந்தது என்று கையெழுத்தோடு ஒரு சீட்டு, கூட நம்பிக்கையான ஒருவர் சாட்சி.

மிரட்டினால்? அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. கடலூர் மாவட்டக் காவலர் ஒருவரே கந்துவட்டி நெருக்கடியில் உயிரிழந்த பிறகு, 2022 ஜூனில் மாநிலம் முழுக்க ‘ஆபரேஷன் கந்துவட்டி’ நடத்தப்பட்டது. கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தண்டிக்கத் தனிச் சட்டம் 2025-ல் வந்திருக்கிறது. நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தொலைபேசி எண் 14448. மனசு தாங்காமல் தவிப்பவர்களோடு பேச தமிழக அரசின் 104 எண்ணில் ஆட்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் பெரும்பாலும் கடனை மாற்றிய மூன்றாவது, நாலாவது மாதத்தில்தான் திரும்ப வரும். பழைய லோன் முடிந்ததும் அதே நிறுவனத்தின் ஆள், ‘நல்லா கட்டியிருக்கீங்கக்கா, இப்போ அறுபதாயிரம் தரலாம்’ என்று வாசலில் நிற்பார். ஒருவருக்கு 3 நிறுவனங்களுக்கு மேல் கடன் தருவதில்லை என்று நுண்நிதி நிறுவனங்களின் கூட்டமைப்பு 2025 ஏப்ரல் முதல் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு கடன் முடிந்தால் அந்த மூன்றில் ஓர் இடம் காலியாகும், அதை நிரப்ப அவர் வருகிறார். தண்டலும் அஞ்சு வட்டியும் இந்தக் கணக்கிலேயே வராது.

அவர் வருவதற்குள் கடன் அறிக்கையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நாட்டிலுள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் ‘குளோஸ்டு’ என்று இருக்கிறதா, வாங்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். குழு லோனுக்கு ஆதார் நகலை அங்கும் இங்கும் கொடுத்திருப்பவர்கள், அந்த இரண்டாவது கேள்விக்காகவாவது பார்ப்பது நல்லது.